மரத்தைப் புழு தின்கிறதா? அறிகுறியைப் பார்த்து, நஞ்சில்லாமல் சரிசெய்யும் வழி

இலையில் ஓட்டை விழுந்ததைப் பார்த்ததும் கை முதலில் மருந்துப் புட்டியைத்தான் தேடும். என் கையும் அப்படித்தான் தேடியது. ஒரு முருங்கை மரத்துக்கு மூன்று வாரத்தில் மூன்று முறை பூச்சிக்கொல்லி அடித்தேன். புழு செத்தது உண்மை. அந்த மரத்தில் குடியிருந்த சிலந்தி, குளவி, பொறிவண்டு எல்லாமும் சேர்ந்து செத்தன. அடுத்த மழை கழிந்து வந்த புழுக்கூட்டம் முந்தையதைவிடப் பெரியது. அதைத் தின்ன மரத்தில் ஒரு உயிரும் மிச்சமில்லை.

அன்றிலிருந்து தெளிப்பானைத் தொடும் முன் இரண்டு விஷயம் பார்க்கிறேன். புழு இப்போது மரத்தில் இருக்கிறதா? இருந்தால் அதற்கு என்ன வயது?

முட்டையிலிருந்து வெளிவந்த புழு, கூட்டுப்புழு ஆவதற்குள் பெரும்பாலும் நாலைந்து முறை தோல் உரிக்கும். அது தின்னும் மொத்த இலையில் பெரும்பங்கு கடைசி இரண்டு பருவங்களில்தான் போகிறது. நேற்றுவரை பச்சையாக நின்ற மரம் இன்று சல்லடையானதுபோலத் தோன்றுவதற்கு இதுதான் காரணம். புழு பல நாள் முன்பே வந்துவிட்டது. நம் கண்ணில் இன்றுதான் பட்டது. நஞ்சில்லாத முறைகள் பெரும்பாலும் சின்னப் புழுவிடம்தான் நன்றாக வேலை செய்யும். பெரிய புழுவுக்குக் கைதான் மருந்து. கூட்டுப்புழு ஆகிவிட்டால் எதைத் தெளித்தும் பயனில்லை. கீழே உள்ள எந்த அறிகுறிக்குப் போனாலும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இலையில் ஓட்டை இருக்கிறது, புழுவைக் காணோம்

மாலையில் மரத்தடியில் ஒரு வெள்ளைத் துணியை விரித்துவிட்டு, மறுநாள் காலையில் பாருங்கள். கடுகு போலவோ மிளகு போலவோ உருண்டைகள் விழுந்திருந்தால் அது புழுவின் எச்சம். பச்சையாக, ஈரமாக இருந்தால் புழு மேலேயே இருக்கிறது. துணியில் ஒன்றுமே இல்லை, தரையில் மட்டும் காய்ந்த பழைய உருண்டைகள் கிடக்கின்றன என்றால் புழு தின்று முடித்துப் போய்விட்டது. அப்போது தெளிப்பது வெறும் வீண்செலவு. எச்சம் பெரிதாக ஆக, புழுவும் பெரிது. ஏணி ஏறாமலே புழுவின் வயதைச் சொல்லிவிடும் சோதனை இது.

துணியில் எச்சம் இருக்கிறது, பகலில் புழு தெரியவில்லை என்றால் இரவு எட்டு மணிக்கு மேல் டார்ச் விளக்கோடு போய்ப் பாருங்கள். பல புழுக்கள் பகலில் பட்டை இடுக்கிலும் இலைக்கு அடியிலும் ஒளிந்திருந்து இருட்டிய பிறகுதான் மேய வரும். அதே நேரத்தில் வண்டுகளும் இலை தின்று கொண்டிருக்கலாம். வண்டு என்றால் இந்த வழிமுறை பொருந்தாது.

இலை ஓரத்தில் கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் சுத்தமான அரைவட்டங்கள் இருக்கின்றனவா? அது இலைவெட்டித் தேனீ. கூடு கட்டத்தான் இலையை எடுத்துப் போகிறது, தின்னவில்லை. மரத்துக்கு அதனால் கேடு இல்லை. மகரந்தம் சேர்த்து உதவவும் செய்கிறது. விட்டுவிடுங்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. புழுவைப் போலவே இருக்கும், ஆனால் பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சி இனம் அல்ல: ரம்பக்குளவியின் புழு. கால்களை எண்ணினால் தெரிந்துவிடும். இரண்டுக்கும் தலைக்குப் பின்னால் மூன்று ஜோடி உண்மைக் கால்கள் உண்டு. வயிற்றுப் பகுதியில் இருக்கும் சதைக்கால்களைப் பாருங்கள். ஐந்து ஜோடியோ அதற்குக் குறைவோ இருந்தால் அந்துப்பூச்சி அல்லது பட்டாம்பூச்சியின் புழு. ஆறு ஜோடியோ அதற்கு மேலோ என்றால் ரம்பக்குளவி. இது வெறும் பூச்சியியல் பாடம் என்று தள்ளிவிட வேண்டாம். அடுத்த பகுதியில் சொல்லப்போகும் பாக்டீரியா மருந்து முதல் வகைக்கு மட்டும்தான் வேலை செய்யும்.

இலைக்கு அடியில் சின்னச் சின்னப் புழுக்கள் கூட்டமாக இருக்கின்றன

இதுதான் நல்ல நேரம். அரை அங்குலத்துக்கும் குறைவான புழு, இலையின் பச்சையை மட்டும் சுரண்டித் தின்று, கண்ணாடித்தாள் போல நரம்பை விட்டுவைத்திருக்கும். இந்தக் கட்டத்தில் கண்டுபிடித்துவிட்டால் பாதிப்பு அதிகமில்லாமல் முடித்துவிடலாம்.

கைக்கு எட்டும் உயரம் என்றால் அந்த இலைகளைக் கிள்ளி சோப்புத் தண்ணீரில் போடுங்கள். ஒரு முட்டைக் குவியலிலிருந்து வந்த குஞ்சுகள் முதல் சில நாட்கள் ஒரே இலையில்தான் இருக்கும். ஒரு இலையைப் பறித்தால் நூறு புழு போகும். இரண்டு வாரம் கழித்து அதே நூறு புழுவைப் பிடிக்க மரம் முழுக்க ஏற வேண்டும்.

எட்டாத உயரம், பெரிய மரம் என்றால் பி.டி. எனப்படும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ். இது மண்ணில் இயல்பாக வாழும் பாக்டீரியா. 1901-இல் ஜப்பானில் இஷிவாட்டா என்ற அறிஞர் பட்டுப்புழுக்கள் கொத்துக் கொத்தாகச் சாவதற்கு என்ன காரணம் என்று தேடியபோது இதைக் கண்டார். பத்து ஆண்டுகள் கழித்து ஜெர்மனியின் துரிஞ்சியா பகுதியிலிருந்து வந்த மாவு அந்துப்பூச்சியில் பெர்லினர் என்பவர் இதையே கண்டு, அந்த ஊர்ப் பெயரை வைத்தார். இதில் உள்ள புரதத்தைப் புழு இலையோடு சேர்த்துத் தின்ன வேண்டும். புழுவின் குடல் காரத்தன்மை உள்ளது; அங்கே அந்தப் புரதம் கரைந்து, குடல் சுவரைத் துளைத்துவிடுகிறது. மனிதரின் வயிறு அமிலத்தன்மை உள்ளது. அந்தப் புரதம் ஒட்டிக்கொள்ளும் இடமும் நம் குடலில் இல்லை. அதனால்தான் நமக்கும் பறவைக்கும் தேனீக்கும் ஆபத்து மிகக் குறைவு.

பி.டி. அடித்தும் பலிக்கவில்லை என்று பலர் சொல்கிறார்கள். நான் பார்த்தவரை காரணங்கள் இவைதான்.

காலை வெயிலில் அடித்திருப்பார்கள். புற ஊதாக் கதிர் இதைச் சில நாட்களில் சிதைத்துவிடும், கடும் வெயிலில் இன்னும் சீக்கிரம். மாலையில் தெளித்தால் இரவு முழுக்க மேயும் புழுவுக்குப் புதிதாகக் கிடைக்கும்.

இலையின் மேல்பக்கம் மட்டும் நனைந்திருக்கும். புழு அடிப்பக்கத்தில் தின்கிறது. பி.டி. புழுவின் உடம்பில் பட்டால் கொல்லும் மருந்து அல்ல. வாய் வழியாகப் போனால்தான் வேலை செய்யும்.

மறுநாளே புழு உயிரோடு இருப்பதைப் பார்த்து ஏமாந்திருப்பார்கள். சில மணி நேரத்திலேயே புழு தின்பதை நிறுத்திவிடும், ஆனால் சாக இரண்டு முதல் ஐந்து நாள் ஆகும். வெள்ளைத் துணியை மறுபடி விரியுங்கள். எச்சம் விழுவது நின்றிருந்தால் மருந்து பலித்துவிட்டது.

தவறான வகையை வாங்கியிருப்பார்கள். அட்டையில் குர்ஸ்டாக்கி அல்லது ஐசவாய் என்று இருக்க வேண்டும். இஸ்ரேலென்சிஸ் என்பது கொசுப்புழுவுக்கு உரியது.

அப்புறம், புழு பெரிதாகியிருக்கும். ஒரு அங்குலம் தாண்டிய கம்பளிப்புழுவிடம் பி.டி. தடுமாறும்.

அட்டையில் சொன்ன அளவிலேயே கலக்குங்கள், கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள். மழை வரும் போலிருந்தால் ஒரு நாள் தள்ளிப்போடுங்கள். குஞ்சுகள் தொடர்ந்து பொரித்து வந்தால் ஒரு வாரம் விட்டு இன்னொரு முறை தெளிக்கலாம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். முதன்முதலில் இதைக் கண்டதே பட்டுப்புழுவில்தான். பட்டுப்புழு வளர்க்கும் இடத்துக்கு அருகிலும் மல்பெரி மேலும் இதைத் தெளிக்கவே கூடாது. அழகான பட்டாம்பூச்சிகளின் புழுக்களும் இதற்குத் தப்பாது. பாதித்த மரத்துக்கு மட்டும் அடியுங்கள். தோட்டம் முழுக்க "முன்னெச்சரிக்கையாக" வேண்டாம். எலுமிச்சைக் கன்றில் பறவை எச்சம் போன்ற நாலைந்து புழுக்கள் இருந்தால் அவை எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் குஞ்சுகள். அவற்றைக் கையால் எடுத்து, பெரிய நாரத்தை அல்லது எலுமிச்சை மரம் ஒன்று இருந்தால் அதில் விட்டுவிடலாம். பெரிய மரம் அதைத் தாங்கும்.

பி.டி. கிடைக்கவில்லை என்றால் வேப்பங்கொட்டைக் கரைசல். ஓடு நீக்கிய பருப்பு 50 கிராமுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் என்பது கணக்கு. பருப்பை ஒன்றிரண்டாக இடித்து, கொஞ்சம் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் துணியில் வடிகட்டி, மீதித் தண்ணீரைச் சேருங்கள். இலையில் ஒட்டுவதற்குச் சிறிது சோப்புக் கரைசல் போதும். அன்று மாலையே தெளித்துவிட வேண்டும். வைத்திருந்தால் வீரியம் போய்விடும். இது உடனே கொல்லும் மருந்து அல்ல. புழுவுக்குப் பசியைக் கெடுக்கும், தோல் உரிப்பதைத் தடுக்கும். பலன் தெரிய ஒரு வாரம் ஆகலாம். வேப்பெண்ணெய் என்றால் இளந்துளிர் கருகாமல் இருக்க முதலில் ஒரு கிளையில் அடித்து இரண்டு நாள் பாருங்கள். மீன் தொட்டி, குளம் பக்கம் கவனம் தேவை. மீனுக்கு வேம்பு ஆகாது.

அடிமரத்தில் கம்பளிப்புழுக்கள் அப்பிக்கொண்டிருக்கின்றன

முருங்கையில் மழைக்குப் பிறகு இதைப் பார்க்காதவர் குறைவு. பகலில் நூற்றுக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக மரத்தில் ஒட்டிக்கொண்டு, பட்டையைச் சுரண்டும், இலையை மொட்டையடிக்கும். பார்க்கவே உடம்பு அரிக்கும். ஆனால் எல்லாப் புழுவும் ஒரே இடத்தில் நமக்காகக் கூடி நிற்கும் நேரமும் இதுதான். இதைவிட எளிதாக அவற்றைப் பிடிக்க முடியாது.

இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் தீப்பந்தம் எடுக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பட்டைக்குக் கீழே இருக்கும் மெல்லிய உயிரடுக்கு வெந்துவிட்டால் மரத்தின் அந்தப் பக்கம் சாகும். புழு செய்யும் சேதத்தைவிட அது பெரிது. மேலும், சூட்டில் புழுவின் முடிகள் காற்றில் பறந்து கண்ணிலும் மூக்கிலும் போகும். மண்ணெண்ணெயும் அப்படியே, பட்டைக்குள் ஊறி மரத்தைக் கெடுக்கும்.

ஒரு வாளியில் பாதிவரை தண்ணீர் ஊற்றி, சோப்புக் கரைசலை நன்றாகக் கலக்குங்கள். முழுக்கைச் சட்டை, கையுறை, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். மூக்கையும் வாயையும் துணியால் மூடுங்கள். காற்று வரும் திசைக்கு முதுகைக் காட்டி நின்று, நீளக் கைப்பிடி உள்ள துடைப்பத்தாலோ தூரிகையாலோ புழுக்களை வாளிக்குள் தள்ளுங்கள். சோப்பு, தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் புழு மிதக்காமல் மூழ்கிவிடும். கைக்கு எட்டாத கும்பல் மீது சோப்புத் தண்ணீரை அழுத்தமாகப் பீய்ச்சினால் கீழே விழும். கீழே விரித்த தார்ப்பாயோடு அள்ளலாம். முடி மிக அதிகமுள்ள வகை என்றால் பீய்ச்ச வேண்டாம், முடி பறக்கும்.

ஒரே நாளில் முடியாது. மூன்று நாலு நாள் அதே நேரத்தில் போய்ப் பாருங்கள்.

கும்பல் சேராமல் தனித்தனியாக இரவில் ஏறி, பகலில் இறங்கி ஒளியும் வகைகளும் உண்டு. இவற்றுக்கு நெஞ்சு உயரத்தில் ஒரு சாக்குத் துண்டை மரத்தைச் சுற்றிப் போர்த்தி, நடுவில் கயிற்றால் கட்டி, மேல் பாதியைக் கீழே மடித்துவிடுங்கள். வெயில் ஏறும்போது புழுக்கள் அந்த மடிப்புக்குள் நிழல் தேடி நுழையும். தினமும் பிற்பகலில் தூக்கிப் பார்த்து, இருப்பவற்றை வாளியில் தட்டிவிட வேண்டும். பார்க்காமல் விட்டால் நாமே புழுவுக்கு வீடு கட்டிக் கொடுத்ததாகிவிடும்.

பசைப் பட்டை கட்டுவது இன்னொரு முறை. சிறகில்லாத பெண் அந்துப்பூச்சி தரையிலிருந்து ஏறி முட்டையிடும் இனங்களுக்கு இது மிகப் பொருத்தம். பசையை நேராகப் பட்டையில் பூசக் கூடாது. காகிதமோ துணியோ சுற்றி அதன்மேல் பூசுங்கள். சின்னப் பறவையும் பல்லியும் ஒட்டிக்கொள்ளும் ஆபத்து இருப்பதால் மேலே ஒரு கம்பிவலை சுற்றுவது அவசியம்.

உடம்பில் முடி குத்திவிட்டதா? தேய்க்காதீர்கள். ஒட்டும் டேப்பை ஒட்டி ஒட்டி எடுங்கள். முடி அதோடு வந்துவிடும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த துணியை வையுங்கள். போட்டிருந்த உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். கண்ணில் பட்டாலோ மூச்சு இரைத்தாலோ முகம் வீங்கினாலோ உடனே மருத்துவரிடம் போங்கள்.

கிளையில் வெள்ளை வலைக்கூடு

கிளை பிரியும் கவட்டில் கூடாரம் போல வலை இருந்தால், புழுக்கள் பகலில் மேய வெளியே போய் மாலையில் திரும்பும் இனமாக இருக்கலாம். அதிகாலையிலோ அந்தி சாய்ந்த பிறகோ மழைநாளிலோ எல்லாம் உள்ளேதான் இருக்கும். ஒரு கரடுமுரடான குச்சியை வலைக்குள் விட்டு, சுற்றிச் சுற்றி நூல் சுற்றுவதுபோல் எடுத்தால் கூடும் புழுவும் ஒன்றாக வரும். சோப்பு வாளியில் முக்குங்கள்.

கிளை நுனியை வலை மூடியிருந்தால் அதை வெட்டிவிடலாம். ஆனால் ஒரு பெரிய கிளையை வலைக்காக வெட்டாதீர்கள். வெட்டுக்காயம் ஆற வருடங்கள் ஆகும். மிக உயரத்தில் இருந்தால் நீளக் கழியால் வலையைக் கிழித்துவிட்டாலே போதும். மீதியைப் பறவையும் குளவியும் பார்த்துக்கொள்ளும்.

இலைகள் ஒட்டிச் சுருண்டு, காய்ந்த கொத்தாகத் தொங்குகின்றன

மாமரத்தில் இது அதிகம். இலைகளை நூலால் சேர்த்துக் கட்டி, உள்ளே இருந்தபடி பின்னுபுழு தின்னும். தூரத்திலிருந்து பார்த்தால் கிளை கருகியதுபோல் இருக்கும். எந்தத் தெளிப்பும் அந்தக் கொத்துக்குள் ஒழுங்காகப் போகாது, அதனால் தெளிப்பதில் நேரம் போக்க வேண்டாம். கழியின் நுனியில் கொக்கி கட்டி, கொத்துகளை இழுத்து எடுத்து, புழு தப்பாதபடி மூட்டையில் கட்டி அழியுங்கள். அடர்த்தியாக ஒன்றோடொன்று உரசும் கிளைகளைக் கவாத்து செய்து வெயிலும் காற்றும் உள்ளே வர விட்டால் அடுத்த ஆண்டு குறைவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இளந்துளிரில் வெள்ளிக்கோடு நெளிகிறது

எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளில் இலைத்துளைப்பான். புழு இலையின் இரு தோல்களுக்கு நடுவே சுரங்கம் போடுகிறது. நாலைந்து வயதான மரம் என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். அதற்கு இது ஒரு பொருட்டே அல்ல. சின்னக் கன்று என்றால் பூச்சி அதிகமாக இருக்கும் நாட்களில் கவாத்தும் தழைச்சத்து உரமும் நிறுத்தி வையுங்கள். இரண்டும் புதுத்துளிரைத் தூண்டும், துளிர் வந்தால் பூச்சியும் வரும். கோடு விழுந்த இலையைப் பறிக்கவும் வேண்டாம். மிச்சமிருக்கும் பச்சை மரத்துக்கு இன்னும் சோறு போடுகிறது.

தென்னையின் அடிமட்டைகள் தீயில் கருகியதுபோல் இருக்கின்றன

கீற்றைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். நூலும் எச்சமும் கலந்த குழாய்கள் ஓடினால் கருந்தலைப்புழு. அடிப்பக்கம் சுத்தமாக இருந்து நுனி மட்டும் காய்ந்திருந்தால் சாம்பல்சத்துக் குறைவோ தண்ணீர்க் குறைவோ காரணமாக இருக்கலாம். அதற்குப் புழு மருந்து தேடாதீர்கள்.

புழு உள்ள, முக்கால் காய்ந்த வெளி மட்டைகளை வெட்டி அப்புறப்படுத்துங்கள். வெட்டிய மட்டையை மரத்தடியிலேயே போட்டு வைத்தால் அதிலிருந்து வரும் அந்துப்பூச்சி மேலே போய் மறுபடி முட்டையிடும். பச்சை மட்டையை வெட்டாதீர்கள்.

இந்தப் புழுவுக்கு இயற்கை தந்த எதிரி, கோனியோசஸ் என்ற சிறு ஒட்டுண்ணிக் குளவி. வளர்ந்த புழுவைக் கொட்டி அசையாமலாக்கி அதன்மேல் முட்டையிடும். பிரக்கான் என்ற இன்னொரு குளவியும் உண்டு. இவற்றை ஆய்வகங்களில் வளர்த்துத் தருகிறார்கள். வாங்குவதற்கு முன் கீற்றுக்குழாயைப் பிரித்துப் பார்த்து, ஓரளவு வளர்ந்த புழு இருப்பதை உறுதிப்படுத்துங்கள். குளவி விட்ட மரத்தில் பூச்சிக்கொல்லி அடிக்கக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து மரங்களிலும் பாதிப்பு இருந்தால் எல்லாரும் சேர்ந்து விட்டால்தான் பலன்.

பட்டையின்மேல் மரத்தூள் நாடா ஓடுகிறது

எனக்கு மிகவும் கவலை தரும் அறிகுறி இது. கொய்யா, மா, பலா, முருங்கை என்று பல மரங்களில் வரும். பட்டை தின்னும் புழு, கிளைக் கவட்டில் ஒரு துளை போட்டுப் பகலில் அதற்குள் இருக்கும். இரவில் வெளியே வந்து, தன் எச்சத்தையும் மரத்தூளையும் நூலால் பின்னிய ஒரு கூரைக்கு அடியிலேயே பட்டையைத் தின்னும். அந்தக் கூரைதான் நம் கண்ணுக்குக் கபில நாடாவாகத் தெரிகிறது. இலையெல்லாம் பச்சையாகத்தான் இருக்கும், அதனால் யாரும் கவனிப்பதில்லை. பட்டை சுற்றிலும் போய்விட்டால் கிளை காயும்.

முதலில் நாடாவை முழுக்கச் சுரண்டி எடுங்கள். அதைப் பின்பற்றிப் போனால் துளை கிடைக்கும். சைக்கிள் சக்கரக் கம்பி போன்ற, வளையக்கூடிய மெல்லிய கம்பியைத் துளைக்குள் விட்டு, தட்டும்வரை மெல்ல நகர்த்திக் குத்துங்கள். நுனியில் ஈரம் ஒட்டி வந்தால் புழு செத்தது. பிறகு துளையை ஈரக் களிமண்ணால் அடையுங்கள். பெட்ரோலில் நனைத்த பஞ்சைத் திணிக்கச் சொல்பவர்கள் உண்டு. உயிருள்ள மரத்துக்குள் அதை விடுவதில் எனக்குச் சம்மதமில்லை, கம்பியே போதும்.

ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். புதுத் தூள் வந்திருந்தால் புழு தப்பிவிட்டது அல்லது இன்னொரு துளை இருக்கிறது. நாடாவைச் சுத்தமாகச் சுரண்டி வைத்திருந்தால்தான் புதிது எது, பழையது எது என்று தெரியும். கவனிப்பில்லாமல் நெருக்கமாக வளர்ந்த பழைய மரங்களில்தான் இது அதிகம், ஆகவே வருடத்துக்கு இரண்டு முறையாவது கவட்டுகளைத் தடவிப் பாருங்கள்.

குச்சிப் பொதிகள் கிளையில் தொங்குகின்றன

சுள்ளியும் இலைத்துணுக்கும் ஒட்டிய சின்னப் பைகள். காய் என்றே பலர் நினைக்கிறார்கள். உள்ளே பொதிப்புழு இருக்கிறது. பெரும்பாலான இனங்களில் பெண்ணுக்குச் சிறகு கிடையாது. பைக்குள்ளேயே நூற்றுக்கணக்கில் முட்டையிடும். ஆகவே ஒரு பையை எடுத்தால் அடுத்த தலைமுறையே போகிறது. இழுத்தால் நூல்வளையம் கிளையில் தங்கி, கிளை தடிக்கும்போது இறுக்கும். கத்தரியால் நூலோடு வெட்டி எடுத்து நசுக்குங்கள். கீழே போட்டால் மறுபடி ஏறிவிடும்.

காயில் துளை, துளை வாயில் எச்சம்

துளை தெரிந்த காயைக் காப்பாற்ற வழியில்லை. மாதுளையில் பழத்துளைப்பான் காய்க்குள் நுழைந்துவிட்டால் எந்தத் தெளிப்பும் எட்டாது. காய் பிஞ்சாக இருக்கும்போதே மெல்லிய துணிப்பையோ எண்ணெய்க் காகிதப் பையோ மாட்டுவதுதான் நிச்சயமான வழி. துளை விழுந்ததையும் கீழே உதிர்ந்ததையும் அன்றன்றே பொறுக்கி, காற்றுப் புகாத கறுப்புப் பையில் கட்டி வெயிலில் போட்டுவிடுங்கள். உரக்குழியில் போட்டால் புழு வளர்ந்து வெளியே வரும்.

ஆப்பிள், பேரிக்காயில் வரும் காட்லிங் அந்துப்பூச்சிக்கும் பைதான் முதல் வழி. வளர்ந்த புழு கூடுகட்ட அடிமரத்துக்கு வரும்போது அலைமடிப்பு அட்டையைச் சுற்றிக் கட்டி வைத்தால் அதற்குள் புகும். அந்துப்பூச்சி வெளிவருமுன் எடுத்து எரித்துவிடலாம்.

புழு தலைகீழாகத் தொங்குகிறது, அல்லது முதுகில் வெள்ளை அரிசி ஒட்டியிருக்கிறது

தொடாதீர்கள். நல்ல செய்தி இது.

அரிசி போல இருப்பவை ஒட்டுண்ணிக் குளவியின் கூடுகள். அந்தப் புழு இனி பிழைக்காது. அதிலிருந்து வரும் குளவிகள் அடுத்த புழுக்களைத் தேடிப் போகும். கறுத்து, தொளதொளவென்று தலைகீழாகத் தொங்கும் புழுவை வைரஸ் நோய் பிடித்திருக்கிறது. உடல் கிழிந்து சொட்டும் திரவம் கீழ் இலைகளில் பரவி, மற்ற புழுக்களுக்கும் நோயைக் கொடுக்கும். அந்த வைரஸ் புழுவைத்தான் தாக்கும், மனிதருக்கு வராது. வெள்ளையாகவோ பச்சையாகவோ மாவு பூத்து விறைத்துக் கிடந்தால் பூஞ்சை நோய். இந்த மூன்றில் எதைக் கண்டாலும் ஒரு வாரம் எதுவும் தெளிக்காமல் பொறுத்திருங்கள். பல முறை அதோடு முடிந்துவிடும்.

எத்தனை முறை அழித்தாலும் திரும்ப வருகிறது

இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, மண். பல கம்பளிப்புழுக்கள் மரத்தடி மண்ணில் கூட்டுப்புழு ஆகின்றன. மேல் மண்ணை வேர் அறுபடாமல் இரண்டு மூன்று அங்குலம் கிளறிவிட்டால் கூடுகள் மேலே வரும். பறவைகளும் கோழிகளும் பொறுக்கிவிடும்.

இன்னொன்று, மரத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்பது. நெதர்லாந்தின் ஆப்பிள் தோட்டங்களில் கூட்டுப்பெட்டி வைத்துப் பட்டாணிக்குருவி இனத்தை வரவழைத்தபோது, புழுத் தாக்கிய பழங்கள் குறைந்து விளைச்சல் கூடியது. குஞ்சு வளர்க்கும் சின்னப் பறவைக்கு ஆயிரக்கணக்கான புழுக்கள் வேண்டும். வட அமெரிக்காவின் சிக்கடி என்ற குருவி ஒரு ஈடு குஞ்சுகளை வளர்க்க 6,000 முதல் 9,000 புழுக்கள் வரை கொண்டுவருகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். தெளிப்பான் அந்த உணவை நஞ்சாக்குகிறது. முசுறு எறும்பும் அப்படி ஒரு காவலாளி. சீனத்தின் ஆரஞ்சுத் தோட்டங்களில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அதன் கூட்டைக் கொண்டுவந்து மரத்தில் கட்டி, மரத்துக்கு மரம் மூங்கில் பாலம் போட்டிருக்கிறார்கள். அது கடிக்கும், மாவுப்பூச்சியையும் சேர்த்துக் காக்கும். இருந்தாலும் புழு அதிகமுள்ள தோட்டத்தில் அதன் கூட்டைக் கலைக்காமல் இருப்பதே நல்லது.

வெளியிலிருந்து பூச்சியைக் கொண்டுவந்து விடுவதில் மட்டும் நிதானம் தேவை. 1860களின் இறுதியில் ட்ரூவேலோ என்பவர் அமெரிக்காவின் மெட்ஃபோர்டு ஊருக்குக் கொண்டுவந்த ஸ்பாஞ்சி அந்துப்பூச்சி தப்பி, காடுகளை மொட்டையடித்தது. அதை அடக்க 1906-இல் ஐரோப்பாவிலிருந்து ஒரு ஒட்டுண்ணி ஈயை விட்டார்கள். அந்த ஈ நூற்றுக்கும் மேற்பட்ட பிற இனங்களையும் தாக்கி, அங்குள்ள பெரிய பட்டு அந்துப்பூச்சிகளை வெகுவாகக் குறைத்துவிட்டது. உங்கள் பகுதியில் ஏற்கெனவே இருக்கும் இனத்தை மட்டுமே வாங்கி விடுங்கள்.

"இயற்கை" என்ற பெயரில் வரும் புகையிலைக் கஷாயத்தையும் நான் தவிர்க்கிறேன். நிகோட்டின் தோல் வழியாகவே உடலில் ஏறும் கடும் நஞ்சு. செடியிலிருந்து வந்ததாலேயே அது பாதுகாப்பானது ஆகாது.

மரம் மொட்டையாகிவிட்டது. செத்துவிடுமா?

நன்றாக வேரூன்றிய, இலையுதிர்க்கும் மரம் ஒரு முறை முழு மொட்டையானாலும் பிழைத்துக்கொள்ளும். கேரளத்தின் நிலம்பூரில் இளந்தேக்குகளை ஆண்டுக்கணக்கில் கவனித்தபோது, புழு தின்ற மரங்கள் சாகவில்லை. ஆனால் அடைந்திருக்கக்கூடிய மரப் பருமன் வளர்ச்சியில் 44 சதவீதத்தை இழந்திருந்தன. அடுத்தடுத்து இரண்டு மூன்று வருடம் மொட்டையானால்தான் உயிருக்கு ஆபத்து. பைன் போன்ற ஊசியிலை மரங்கள் ஒரே முறையில்கூடச் சாகலாம். நட்டு ஓரிரு வருடமே ஆன கன்றையும் அலட்சியமாக விடக்கூடாது.

ஒரு சுள்ளியில் நகத்தால் பட்டையைக் கீறிப் பாருங்கள். கீழே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. உடனே உரம் போடாதீர்கள். இலை இல்லாத மரத்தால் அதைப் பயன்படுத்த முடியாது, மேலும் மென்மையான துளிர் வந்து அடுத்த பூச்சியை அழைக்கும். கிளைகள் பரவிய எல்லைவரை தரையை ஆழமாக நனைத்து, மூன்று அங்குல உயரத்துக்குச் சருகு மூடாக்கு போடுங்கள். மூடாக்கு அடிமரத்தைத் தொடக் கூடாது. காய்ந்த கிளை என்று அவசரப்பட்டு வெட்டவும் வேண்டாம்.

சில வாரங்களில் புதுத்துளிர் வரும். அந்த வாரத்தில் இரண்டு நாளுக்கு ஒரு முறை துளிரைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். முட்டைக் குவியல் கண்ணில் பட்டால், விரலால் நசுக்கிவிடுங்கள். முடி மூடிய குவியல் என்றால் கையுறையோடு சுரண்டிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள்.